குடும்பத் தலைவரின் பெயரில் பேசிய மனைவிகள்

1. பழுதான லிஃப்ட்

ஜெர்மனிக்கு நான் கவிதை படிக்கப் போகவில்லை. டார்ம்ஸ்டாட்டில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் டேட்டாபேஸ் வேலை, அதாவது தகவல்களைக் கட்டம் கட்டமாக 'டேபிள்' போட்டு அடுக்குவது. அப்போது வயது நாற்பத்து மூன்று, இருபது வருட சர்வீஸ். "டேபிள் டிசைனா, முருகானந்தத்துக்கிட்ட குடுங்க" என்று டீமில் சொல்வார்கள். அந்த நல்ல பெயர் என்னைக் கவிழ்த்த கதை இது. ஓய்வு பெறும்போது ஆபீஸ் பிள்ளைகள், "சார், உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க" என்றார்கள். வெற்றிக் கதை எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இதுதான்.

2005ஆம் வருடத் தொடக்கத்தில், ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறைக்கு என்னை அனுப்பினார்கள். அறுநூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் கையால் எழுதி வைத்த பாட்டுகள் சில நூறு இருந்தன. அவற்றை ஏற்கெனவே கம்ப்யூட்டரில் தட்டெழுதி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பாட்டிலும் யார் பேசுகிறார்கள், பெண்களைப் பற்றி என்னென்ன சொற்களில் பேசுகிறார்கள் என்று எண்ணித் தருவதற்கு ஒரு டேட்டாபேஸ் வேண்டும். அதுதான் வேலை.

முதல் நாள் காலை அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் பட்டனை அமுக்கிக்கொண்டே எங்கள் டீம் லீட் ரமேஷிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் தமிழில் பேசினால் சுற்றிச் சுவர் எழும்பிவிட்டதாக நமக்கு ஒரு நினைப்பு. நானும் குரலைத் தாழ்த்தவில்லை.

"வேலை என்ன தெரியுமாடா? பொம்பளைங்களை எந்தெந்த வார்த்தையில திட்டியிருக்காங்கன்னு எண்ணணுமாம். இதுக்கு ஒரு ப்ராஜெக்ட்! நடத்துறதும் ரெண்டு பொம்பளைங்க. பேசிப் பேசியே, கேட்ட வேலையையே மாத்திருவாங்க, பாரு."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணை, லிஃப்ட் பழுது. படியால வாங்கோ."

திரும்பினேன். தோளில் துணிப்பை, கையில் சைக்கிள் ஹெல்மெட், இருபத்தாறு இருபத்தேழு வயதுப் பெண். நான் சொன்ன இரண்டு பொம்பளைகளில் ஒருவர். பெயர் தர்ஷினி. ஐந்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து பெற்றோரோடு அகதியாக வந்து, ஹம் நகரத்தில் வளர்ந்தவள். அப்பா தொழிற்சாலையில், அம்மா முதியோர் இல்லத்தில். இவள் இந்தப் பழைய ஆங்கிலப் பாட்டுகளில் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள்.

நான்கு மாடி. ஏறும்போது அவள் அந்தப் போன் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சாப்பிட்டனீங்களோ அண்ணை? கீழ கன்டீன் பத்து மணிக்குத்தான் திறப்பினம்" என்றாள். எனக்கு மூச்சு வாங்கியதற்குப் படி மட்டும் காரணமில்லை.

2. ஒரே நாளில் போட்ட டேபிள்

துறைத் தலைவர் பேராசிரியர் ஃபோக்ட், நான் சொன்ன இன்னொரு பொம்பளை. ஐம்பத்தைந்து வயதிருக்கும், கட்டையான நரைமுடி, சிரிக்காமல் வேடிக்கையாகப் பேசுவார். அவர் நடத்திய துறையில் ஒரு பழக்கம் இருந்தது. திங்கட்கிழமை காலையில் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பக்கம் அந்தப் பாட்டுகளைச் சத்தம் போட்டு வாசிக்க வேண்டும். செயலாளர் அம்மாகூட வாசிப்பார். புரிகிறதோ இல்லையோ, வாயால் சொல்ல வேண்டும்.

"நீங்களும் ஒரு வாரம் வாசித்துவிட்டு டேபிள் போடுங்கள்" என்றார் ஃபோக்ட்.

"தேவையில்லை மேடம். டேட்டா எல்லாம் ஒண்ணுதான். பேங்கா இருந்தாலும் பாட்டா இருந்தாலும் டேபிள் டேபிள்தான்" என்றேன் ஆங்கிலத்தில். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கோப்பைத் தந்தார். அதன்பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் எனக்கு ஏதாவது ஒரு சர்வர் வேலை வந்துவிடும், அல்லது வரவழைத்துக்கொள்வேன்.

தட்டெழுதிய பாட்டுகளில் ஒவ்வொரு பேச்சுக்கும் பக்கத்தில் பேசுபவர் யார் என்று குறித்திருந்தார்கள். ஆண்களுக்குப் பெரும்பாலும் பெயரோ தொழிலோ உண்டு. பெண்களுக்கு அது இல்லை. 'கூரை வேய்பவன் மனைவி', 'நீதிபதியின் மகள்', 'அவன் தாய்' இப்படியே பக்கம் பக்கமாக. பெயர் ஃபீல்டு, அதாவது பெயருக்கான கட்டம், காலியாக இருந்தால் என் டேட்டாபேஸ் ஏற்றுக்கொள்ளாது. என்ன செய்யலாம் என்று ஒரு டீ குடிக்கும் நேரம் யோசித்தேன். அதற்குள் விடை வந்துவிட்டது.

என்னுடைய முதல் வேலை சென்னையில், ரேஷன் கார்டு விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. அதில் குடும்பத் தலைவர் பெயர் ஒரு வரி, அதன் கீழே உறவுமுறை போட்டு மற்றவர்கள். அரிசிக்கும் சர்க்கரைக்கும் அது அருமையான டிசைன். அதே டிசைனை இங்கே வைத்தேன். கூரை வேய்பவன் தலைவர். அவன் மனைவி, உறவு 'மனைவி' என்று அவனுக்குக் கீழே. நீதிபதி தலைவர், மகள் அவருக்குக் கீழே. காலியாக ஒரு ஃபீல்டு இல்லை. ஒரே நாளில் முடித்தேன், ரமேஷுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன்.

அதே வாரம் வீட்டிலும் ஒரு சின்னச் சிக்கல். என் மனைவி செல்வி ஜெர்மன் வகுப்பில் தேர்வு எழுதியிருந்தாள். முடிவு தபாலில் வரவேண்டும். இரண்டு தடவை அனுப்பி, இரண்டு தடவையும் பள்ளிக்கே திரும்பிவிட்டது. அந்த ஊரில் தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைத்தான் பார்ப்பார், வீட்டு எண்ணை அல்ல. எங்கள் பெட்டியில் இருந்தது என் பெயர் மட்டும். நமக்குத்தான் புருஷன் பெண்டாட்டிக்குச் சேர்ந்தாற்போல ஒரு குடும்பப் பெயர் கிடையாதே.

"ஏங்க, எம் பேரையும் அதுல ஒட்டிரலாமா?" என்றாள்.

"எதுக்கு? என் பேர்ல அனுப்பச் சொல்லு. வந்துரும்" என்றேன். சொன்னபடி வந்தது. வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

3. லத்தீன் தெரிந்தவள்

மதியம் கன்டீனில் தர்ஷினியோடுதான் சாப்பிடுவேன். உருளைக்கிழங்கு சாலட்டில் மிளகாய்த்தூள் போட்டுக்கொள்ளும் ஆட்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அந்தத் தூள் டப்பா அவள் பையில் இருக்கும்.

அவள் ஒரு நோட்டில் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தாள். இந்தப் பாட்டுகளில் பெண்களை எதோடெல்லாம் ஒப்பிடுகிறார்கள் என்று ஒரு பட்டியல். ஓயாமல் அடிக்கும் மணியின் நாக்கு, ஊளையிடும் நாய், கட்டவிழ்ந்த குதிரை. ஆண் பேசினால் 'உரைத்தான்', 'அறிவுரை சொன்னான்'. அதே நீளம் பெண் பேசினால் 'அலட்டினாள்', 'கத்தினாள்', 'பிதற்றினாள்'.

"தமிழில வாயாடிக்கு ஆம்பிளைச் சொல் என்ன அண்ணை?" என்று ஒருநாள் கேட்டாள்.

யோசித்தேன். "பேச்சாளர்" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உடனே நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டாள்.

இன்னொரு நாள் லத்தீனைப் பற்றிச் சொன்னாள். "பெண்டுகளைப் புகழ்ந்து இங்கிலீஷில பாடுவினம் அண்ணை. நக்கலை மட்டும் லத்தீனில வைப்பினம். லத்தீன் படிச்சது ஆம்பிளையள். முன்னால இருந்து கேக்கிற பெண் தன்னைப் புகழுறாங்கள் எண்டு தலையாட்டிக்கொண்டு இருப்பா. மற்றவை சிரிப்பினம்."

"அடப்பாவிகளா" என்றேன்.

"ஓம். நீங்கள் அண்டைக்கு லிஃப்டடியில கதைச்ச மாதிரி" என்றாள், மிளகாய்த்தூளைத் தூவிக்கொண்டே. "ஆனா எனக்கு அந்த லத்தீன் விளங்கிட்டுது."

கரண்டியைக் கீழே வைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அண்ணை, சாப்பிடுங்கோ. நேரம் போகுது" என்றாள். அவ்வளவு நாள் கழித்து, அவ்வளவு லேசாக, என் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டு அதற்கு மேல் அவள் அதைத் தொடவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் நன்றியாக இருக்கிறது.

4. ப்ரோக்ராம் பொய் சொல்லாது

இலையுதிர் காலத்தில் என் முதல் அறிக்கை வெளியே வந்தது. அதன் மேல்தான் தர்ஷினியின் ஆய்வு நின்றது. இந்தப் பாட்டுகளில் பெண்கள் வசை வாங்குவதோடு நிற்கவில்லை, திருப்பிப் பேசவும் செய்கிறார்கள் என்பது அவளுடைய வாதம். என் அறிக்கையோ பெண்கள் கிட்டத்தட்ட வாயே திறக்கவில்லை என்றது. பேசியவர்கள் பட்டியலில் பக்கம் பக்கமாக ஆண்கள். கடைசியில் ஒரு ராணி, இரண்டு புனிதப் பெண்கள், அவ்வளவுதான்.

அவளுடைய ஆய்வு உதவித்தொகை முடியும் நேரம் அது. கடைசி ஒரு வருடத்துக்கு நீட்டித் தருவதா வேண்டாமா என்று ஒரு குழு அடுத்த புதன்கிழமை கூடி முடிவு செய்யும். என் அறிக்கை ஏற்கெனவே அந்தக் குழுவின் கைக்குப் போயிருந்தது.

ஃபோக்ட் அவளிடம் வருத்தத்தோடுதான் சொன்னார். "எனக்கும் இந்த முடிவு பிடிக்கவில்லை. ஆனால் அவர்கள் கேட்பார்கள், நீ என்ன பதில் வைத்திருக்கிறாய்?"

தர்ஷினி என் மேசைக்கு வந்தாள். "அண்ணை, நான் கையால மூண்டு பாட்டு எண்ணிப் பாத்தனான். வாசிக்கேக்க அந்தப் பெண்டுகள் கதைக்கினம். உங்கட பட்டியலில கதைக்கேல்ல. ஒருக்கா பாப்பீங்களோ?"

"மூணு பாட்டை வெச்சு எதையும் சொல்ல முடியாதும்மா. மொத்தத்தைப் பாக்கணும்."

"ப்ரோக்ராமில ஒண்டும் பிழை இராதோ?"

எனக்குச் சுருக்கென்றது. "ப்ரோக்ராம் பொய் சொல்லாது தர்ஷினி. நாம விரும்புறதை அது சொல்லணும்னு எதிர்பார்க்கக் கூடாது."

இதை எழுதக் கை கூசுகிறது. அவள் "சரி அண்ணை" என்று போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் அறைக் கதவு திறந்திருந்தது. ஹம்மிலிருந்த அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அம்மா, அண்ட்ராக்கைத் திருப்பி எடுக்கப் போறன். திங்கக்கிழமை காலமை ஃபோக்டிட்டச் சொல்லிப்போட்டு வாறன். இல்லையம்மா, அழேல்ல." அண்ட்ராக் என்றால் விண்ணப்பம். குழு அவளை நிராகரிக்கும் முன் அவளே விலகிக்கொள்ளப் போகிறாள். நான்கு வருட உழைப்பு. அந்தச் சனி, ஞாயிறில் ஹம்முக்குப் போகிறாள் என்றும் தெரிந்தது.

பாவம் என்று நினைத்தேன். என் டேபிளைத் திறந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கவில்லை.

5. ஆறிப்போன மீன் குழம்பு

ஞாயிறு மதியம் வீட்டில் மீன் குழம்பு. அறிக்கையின் பின்னிணைப்புக்காக, வசைச்சொற்களும் அவற்றைச் சொன்னவர்களும் என்று ஒரு பட்டியல் எடுத்து வைத்திருந்தேன். அதில் ஒன்று வேடிக்கையாக இருந்தது. செல்வியைச் சிரிக்க வைக்கலாம் என்று சொன்னேன்.

"ஒருத்தன் கூரை வேயுறவன். ஊர்ல இருக்கிற பொம்பளைங்களை எல்லாம் திட்டித் தீர்க்கிறான். அப்புறம் திடீர்னு தன்னைத் தானே திட்டிக்கிறான். 'குடிகாரா, வாய் நாற வந்து நிக்கிற, என் முடியை விடுடா, ஊரான் கூரையில ஏறத் தெரிஞ்சவனுக்குச் சொந்த வீட்டு வாசல் தெரியலையா'ன்னு. முப்பத்து நாலு வரி! அந்தக் காலத்துலயே ஒருத்தன் இவ்வளவு உணர்ந்து பேசியிருக்கான் பாரேன்."

செல்வி சிரிக்கவில்லை. குழம்புக் கரண்டியோடு என்னைப் பார்த்தாள்.

"எந்த ஆம்பளை தன் முடியைத் தானே பிடிச்சுக்கிட்டு விடுடாம்பான்? அது அவன் பொண்டாட்டி பேசுறது."

"இல்ல, லிஸ்ட்ல அவன் பேர்தான்..."

"லிஸ்ட்டை யாரு போட்டா?"

சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தேன். பிறகு கையைக் கழுவிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். பிழை தெரியப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எண்ணும்போது என் ப்ரோக்ராம் உறவுமுறைக்காரர்களின் வரிகளை எல்லாம் தலைவரின் கணக்கில் கூட்டியிருந்தது. ரேஷன் கார்டில் அப்படித்தான் கூட்ட வேண்டும். குடும்பத்துக்கு ஒரே கணக்கு. இங்கே அந்தக் கூட்டல் மனைவி, மகள், தாய் எல்லோருடைய வாயையும் எடுத்து ஆண்களின் முகத்தில் ஒட்டிவிட்டது. ராணியும் புனிதப் பெண்களும் தப்பியது, அவர்களுக்குச் சொந்தப் பெயர் இருந்ததால்.

பெண்களைத் திட்டியவர்கள் அந்தப் பாட்டுக்காரர்கள். அவர்கள்கூடப் பதில் சொல்லும் வாயை விட்டு வைத்திருந்தார்கள். அறுநூறு வருடம் கழித்து அதை அடைத்தது நான்.

தர்ஷினியின் கைப்பேசி அணைந்திருந்தது. ஹம்மில் அவள் பெற்றோர் வீட்டு எண்ணுக்குப் போட்டேன். அவள் அம்மா எடுத்தார்.

"பிள்ளை கோயிலுக்குப் போயிட்டா. நீங்கள் ஆர் தம்பி?"

சொன்னேன். திங்கட்கிழமை அவள் விண்ணப்பத்தைத் திருப்பி வாங்க வேண்டாம், அறிக்கையில் பிழை இருக்கிறது, அவள் வாசித்ததுதான் சரி என்றேன்.

"அப்ப என்ர பிள்ளை பிழை விடேல்லையோ தம்பி?"

"இல்லம்மா. பிழை என்னோடது."

"ரெண்டு நாளாப் பிள்ளை சாப்பிடேல்ல" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்கள் எடுத்துச் சொன்னதுக்கு நன்றி தம்பி" என்றுவிட்டார்.

ரமேஷுக்கும் போன் போட்டேன். அவன் பதறினான். "க்ளையன்ட்கிட்ட நாமளா போய் டிசைன்லயே தப்புன்னு சொல்லுவாங்களாண்ணே? கான்ட்ராக்ட் போயிரும். பேசாம சரி பண்ணி, வெர்ஷன் டூன்னு அனுப்பிருங்க."

ஒரு மணி நேரம் முன்னால் என்றால் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் பழைய அறிக்கை குழுவின் கையில் இருக்கிறது. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் காரணம் சொல்லாமல் எண்கள் மாறினால், அந்தப் பெண் தனக்குச் சாதகமாக மாற்றச் சொன்னாள் என்றுதான் நினைப்பார்கள். "முடியாதுடா. என் பேரைப் போட்டுத்தான் சொல்லணும்" என்றேன்.

6. மூன்று வரிக் கடிதம்

திங்கட்கிழமை வாசிப்பு தொடங்கும் முன் ஃபோக்டின் அறையில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ரேஷன் கார்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ரேஷன் கார்டு என்றால் என்ன என்று ஜெர்மன்காரருக்கு விளக்கவே ஐந்து நிமிடம் ஆனது. கடைசியில், "நேற்றுப் பட்டியலை மறுபடி பார்த்தபோது நான் இதைக் கண்டுபிடித்தேன்" என்று முடித்தேன்.

தர்ஷினியின் கண் வீங்கியிருந்தது. ஆனாலும் அவளுக்குள் இருந்த ஆராய்ச்சிக்காரி சும்மா இருக்கவில்லை. தமிழில் கேட்டாள்.

"எதைப் பாத்துப் பிடிச்சனீங்கள் அண்ணை?"

"அந்தக் கூரை வேயுறவன் பாட்டு. தன்னையே குடிகாரான்னு..." என்று தொடங்கியவன் நிறுத்தினேன். "நான் பிடிக்கலம்மா. என் மனைவிதான். சாப்பிடும்போது சொன்னேன். அது பொண்டாட்டி பேசுறதுன்னு அவதான் சொன்னா."

"அவவின்ர பேர் என்ன?"

பத்து மாதமாக ஒன்றாகச் சாப்பிடுகிறோம். 'வைஃப்', 'வீட்டுல', 'நம்ம மேடம்' என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். பெயரைச் சொன்னதே இல்லை. டேபிளைத் திருத்த வந்த இடத்திலும் அதே கூட்டலைப் போட்டு, அவள் சொன்னதை என் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

"செல்வி" என்றேன்.

தர்ஷினி அதை ஃபோக்டுக்கு ஜெர்மனில் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், மூன்றே வரி. யாருடைய பிழை, என்ன பிழை, எப்படித் தெரிந்தது."

"மூன்றாவது வரியில் என் மனைவி பெயரைப் போடுவதா? அலுவல் கடிதத்திலா?"

"எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். வேறு பதில் இருந்தால் அதை எழுதுங்கள்."

வேறு பதில் இல்லை. எழுதினேன். எழுதிவிட்டு அந்தத் திங்கட்கிழமை முதல் தடவையாக வாசிப்பு மேசையில் உட்கார்ந்தேன். எனக்கு நாற்காலி நகர்த்திக் கொடுத்தார்கள். கூரை வேய்பவன் மனைவியின் பக்கத்தை ஃபோக்ட் என் முன்னால் வைத்தார். என் மதுரை உச்சரிப்பில் அந்தப் பழைய ஆங்கிலம் எப்படிக் கேட்டதோ, செயலாளர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் வாசிக்க வாசிக்க எனக்கே உறைத்தது. இதை ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாயால் சொல்லிப் பார்த்திருந்தால் இந்தப் பிழை நடந்திருக்காது. காதில் விழுந்திருக்கும். அதன்பிறகு எந்தத் திங்கட்கிழமையும் நான் வாசிப்பைத் தவறவிடவில்லை.

இரண்டு நாளில் டேபிளைப் பிரித்துப் போட்டேன். பேசும் ஒவ்வொருவருக்கும் தனி வரி. பெயர் இல்லாவிட்டால் ஓர் எண். யாரும் யாருக்கும் கீழே இல்லை. புதிய அறிக்கையில் வந்த பெண்களின் வரிகள் தர்ஷினி எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவு, என் முதல் அறிக்கை சொன்னதைவிட மிக மிக அதிகம். "இது காணும் அண்ணை. எனக்கு இருக்கிறது இருந்தாக் காணும்" என்றாள். அவர்கள் பேச்சில் காணும் என்றால் போதும்.

புதன்கிழமை மதியம், குழுவின் முன் போயிருந்த தர்ஷினிக்காகக் கன்டீன் வாசலில் காத்திருந்தேன். அவள் படியில் ஓடி வந்தாள். லிஃப்ட் அன்றைக்கும் பழுது.

"தந்திட்டினம் அண்ணை! ஒரு வருஷம் தந்திட்டினம். உங்கட கடிதத்தை வாசிச்சுப்போட்டு ஒருத்தர் கேட்டவர், இந்தச் செல்வி எந்தத் துறையெண்டு."

"நீ என்ன சொன்ன?"

"எங்கட துறை எண்டு சொன்னனான்."

கான்ட்ராக்ட் போகவில்லை. ஃபோக்ட் எங்கள் நிறுவனத்துக்கு எழுதிய குறிப்பில், 'தவறை ஒப்புக்கொள்ளும் ஆளை அனுப்பியதற்கு நன்றி' என்று இருந்ததாம். ரமேஷ் அதை வாசித்துக் காட்டிவிட்டு, "தப்பிச்சீங்கண்ணே" என்றான்.

7. பார்சல்

டேபிள் போடும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். யாருக்குத் தனி வரி, யார் யாருக்குக் கீழே என்று முடிவு செய்வது டெக்னிக்கல் வேலை மாதிரித்தான் தெரியும். நானும் அப்படித்தான் நினைத்தேன். பழைய டிசைனைத் தூக்கி வைக்கும் முன், அந்த டேட்டாவை ஒரு பக்கமாவது வாய்விட்டு வாசியுங்கள். யாராவது வந்து "ஒருக்கா பாப்பீங்களோ" என்றால் பாருங்கள். ப்ரோக்ராம் பொய் சொல்லாது என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் அது சொல்லும்.

பிழையை ஒப்புக்கொண்ட அந்தத் திங்கட்கிழமை மாலை வீட்டுக்கு வந்ததும் ஒரு சின்னக் காகிதத்தில் செல்வியின் பெயரை எழுதினேன். அவள் அப்பாவின் இனிஷியலோடு, 'ப. செல்வி' என்று ஆங்கில எழுத்தில். தபால் பெட்டியில் என் பெயருக்குக் கீழே ஒட்டப் போனேன். பிறகு பக்கத்தில் ஒட்டினேன். இடம் போதாமல் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை, தபால்காரர் மணி அடித்தார். செல்விதான் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தாள். பார்சலை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாருக்கு வந்திருக்கு?" என்றேன்.

"எனக்கு" என்றாள்.

தர்ஷினியின் புத்தகம். டாக்டர் தர்ஷினி என்று அட்டையில் அச்சிட்டிருந்தது. நன்றியுரையில் பேராசிரியர், அம்மா, அப்பா. அதன்பின் தனி வரியில் ப. செல்வி. 'கூரை வேய்பவனின் மனைவி பேசுவதை முதலில் கேட்டவர்' என்று ஜெர்மனில் எழுதியிருந்தாள். அடுத்த வரியில் என் பெயர். செல்வி விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகத் தானே வாசித்தாள். அந்த ஜெர்மன் வகுப்புத் தேர்வில் அவள் பாஸ் என்ற விஷயம் என் பெயருக்குத்தான் வந்திருந்தது. இது அவள் பெயருக்கு வந்தது.

பிறகு அந்தப் பாட்டு இருக்கும் பக்கத்தைத் தேடிப் பிரித்து என் கையில் கொடுத்தாள்.

"இந்தப் பழைய இங்கிலீஷ் எனக்கு வராது. நீங்கதான் வாசிப்பீங்களே. அந்தம்மா என்னதான் சொல்லுது, முழுசா சொல்லுங்க."

உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். சில இடத்தில் சிரித்தாள், ஓரிடத்தில் "அப்படிக் கேளு" என்றாள். முப்பத்து நான்கு வரியும் முடியும்வரை நான் குறுக்கே எதுவும் சொல்லவில்லை.